பாட்டுக் கேட்க லைப்சிக் போனோம்!

"எழுபத்தோரு வயசு. சர்க்கரை. முழங்கால் வலி. இவங்களைக் கூட்டிக்கிட்டு ஜெர்மனிக்கா? உங்களுக்கெல்லாம் பைத்தியமா?"

கேட்டது என் நாத்தனார். அவர் கேட்டதில் தப்பே கிடையாது. நானும் மனசுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) பிடித்த பிடியை விடுவதாக இல்லை. "என் பென்ஷன். என் காலு. நான் போறேன். வர்றவங்க வரலாம்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கிறவர்களும் வேறு சிலருமாக, போதகர் ஐயாவையும் அவர் மனைவியையும் சேர்த்துப் பதினான்கு பேர், 2024 ஜூன் மாதம் லைப்சிக் நகரத்தில் நடக்கும் பாக் இசை விழாவுக்குப் போவதென்று ஒரு வருஷம் முன்னாலேயே தீர்மானமாகிவிட்டது. பாக் என்றால் யோஹான் செபாஸ்டியன் பாக். 1723-லிருந்து 1750-ல் கண்ணை மூடும்வரை லைப்சிக் தோமா ஆலயத்தின் பாடகர்களுக்கு ஆசானாக இருந்த மகா வித்துவான். வருஷா வருஷம் ஜூனில் பத்து நாள் போல அவருக்காக ஊரே பாடுகிறது. ஆலயங்களில், மண்டபங்களில், கடைத்தெரு நடுவில் மேடை போட்டுக்கூடப் பாடுகிறார்கள். நம் திருவையாறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பல தேசங்களிலிருந்தும் பாடகர் குழுக்கள் கிளம்பி வருகின்றன.

அதற்கும் பொறையாரில் பிறந்த என் மாமியாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அத்தை வீட்டார் லூத்தரன் சபை. 1706-ம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புளூச்சோ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்களிடமிருந்து ஆரம்பித்த சபை. அவர்களும் பின்னால் வந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டுகளைத் தமிழில் ஆக்கினார்கள். சென்னை வேப்பேரியில் வெகுகாலம் இருந்த ஃபப்ரீஷியஸ் பாதிரியார் இதில் கெட்டிக்காரர். வார்த்தை தமிழ், மெட்டு அப்படியே ஜெர்மன் மெட்டு. இவைதான் ஞானப்பாட்டுகள். நானோ கீர்த்தனை வீட்டில் பிறந்தவள். என் தாத்தா கதாகாலட்சேபம் செய்தவர். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை ராகம் தாளத்தோடு, ஆர்மோனியம் ஜால்ராவோடு பாடிப் பழகிய காது எனக்கு. கல்யாணமான புதிதில், இந்த ஞானப்பாட்டை அத்தை ஆடி அசைந்து இழுத்துப் பாடுவதைக் கேட்டு, "இதென்ன அத்தை, இழவு வீட்டுல பாடற மாதிரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்! மூன்று நாள் பேச்சு இல்லை.

பேச்சு வந்துவிட்டது, பாட்டு வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே அடுப்படியில் நிற்கிறோம். அவர் முணுமுணுக்க ஆரம்பித்தால் நான் துணி காயப்போட மாடிக்குப் போய்விடுவேன். நான் கீர்த்தனை எடுத்தால் அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனாலும்...

கடைசியில் என்னவர்தான் தீர்ப்புச் சொன்னார். "நீ கூடப் போறதா இருந்தா அம்மா போகட்டும்." ஆளுக்கு இரண்டேகால் லட்சம். அடுப்படியை இடித்துக் கட்டுவதற்காக நான் போட்ட சீட்டுப் பணம் அப்படியே இருந்தது. அதை எடுத்தேன். மனசு கேட்டதா என்றால், இல்லை!

வயதானவர்களைக் கூட்டிப்போகிற சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். முதலில் டாக்டரம்மாவிடம் போனோம். இன்சுலின், ஊசி, மாத்திரை இவற்றின் பெயர் போட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டோம். இன்சுலினைப் பெட்டியில் வைத்து விமானத்தின் அடியில் போடவே கூடாது, அங்கே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் இரண்டாகப் பிரித்து, பாதி அத்தை பையிலும் பாதி என் பையிலும் வைத்தோம். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்குமல்லவா? ஜூன் மாதத்தில் அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகிற அன்று பகல் நீளும். அன்றைக்கு ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்பதை டாக்டரிடம் எழுதியே வாங்கிவிடுங்கள். விசாவுக்கு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம் கேட்கிறார்கள். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கும் அது செல்லுமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவும். நாங்கள் படிக்காமல் போட்டு, பிறகு கூடப் பணம் கட்டி மாற்றினோம்.

மூன்று மாதம் தினமும் சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடந்தோம். முதல் நாள் ஒரு சுற்று, கடைசியில் ஆறு. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்ள அத்தை மாட்டேனென்றார். லைப்சிக் தெருக்களில் பதித்திருக்கிற கருங்கல்லைப் பார்த்த பிறகு அவரே, "நல்ல வேளை போட்டுக்கிட்டு வந்தேன்" என்றார்.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பத்து மணி நேரத்துப் பறப்பு. அங்கிருந்து ரயிலில் மூன்று மணிக்கு மேல். ஏற்பாடு செய்த ஏஜென்ட், "ஹோட்டல் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே" என்று சத்தியம் செய்திருந்தார். போய்ப் பார்த்தால் டிராம் வண்டியில் நாற்பது நிமிஷம்! பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டல் விலாசத்தை வாங்கி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படத்தில் பார்க்கச் சொல்லியிருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. இந்த நாற்பது நிமிஷம் பின்னால் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதல் நாள் கடையில் தண்ணீர் பாட்டில் பன்னிரண்டு வாங்கினோம். திறந்தால் எல்லாம் சோடா! அங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும், ரயில் நிலையத்துக்குள் இருக்கிற சிலதுதான் திறந்திருக்கும். நிலையத்தில் பாத்ரூம் போகக் காசு. ஜூனிலும் ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் சாப்பாட்டு நேரமே மறந்து போகிறது. சர்க்கரைக்காரர்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தோமா ஆலயத்தின் வெளியே பாக் சிலை. 1908-ல் வைத்தது. சட்டைப் பை ஒன்று உள்பக்கம் வெளியே வந்தபடி தொங்குகிறது. காலிப் பை என்று ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்களாம். போதகர் ஐயா விளக்கிக்கொண்டிருக்க, அத்தை நிதானமாக, "இருபது பிள்ளை பெத்தவர் பையில என்ன இருக்கும்?" என்றார். எங்கள் கூட்டம் சிரித்த சிரிப்பில் புறாவெல்லாம் பறந்தது.

இருபது பிள்ளைகள் உண்மைதான். முதல் மனைவிக்கு ஏழு, அவர் இறந்தபின் வந்த அன்னா மக்தலேனாவுக்குப் பதின்மூன்று. பெரியவர்களாகி வளர்ந்தது மொத்தம் பத்துப் பேர். அன்னா மக்தலேனா அரண்மனையில் சம்பளம் வாங்கிப் பாடிய பாடகி. கல்யாணத்துக்குப் பிறகு வருஷத்துக்கொரு பிரசவமும் வீடு நிறைய மாணவர்களும் விருந்தாளிகளுமாக இருந்துகொண்டு, ராத்திரியில் கணவர் எழுதிய இசையை அழகான கையெழுத்தில் பிரதி எடுத்திருக்கிறார். கணவர் போனபின் தர்மப் பணத்தில் காலம் தள்ளி 1760-ல் இறந்தார். பாக்குக்கு ஆலயத்துக்குள்ளே, பலிபீடத்துக்கு முன் கல்லறை, அதன்மேல் பூக்கள். நான் என் கையிலிருந்த பூவையும் அங்கேதான் வைத்தேன். ஆனால் நினைத்தது அந்த அம்மாளைத்தான்.

இன்னொரு பெரிய ஆலயம் நிக்கோலாய். உள்ளே போனால் வெள்ளைத் தூண்கள் உச்சியில் பச்சை ஓலை விரித்து நிற்கின்றன, ஈச்ச மரத் தோப்புக்குள் நுழைந்த மாதிரி! அங்கேதான் திங்கட்கிழமைகளில் ஜெபத்துக்குக் கூடியவர்கள் 1989 அக்டோபர் 9 அன்று மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வர, எழுபதாயிரம் பேர் கூடி, ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லாமல் கிழக்கு ஜெர்மனி அரசையே அசைத்தார்கள். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

விழாவில் எல்லாவற்றுக்கும் டிக்கெட் வாங்கினால் கட்டுப்படியாகாது. நாங்கள் மூன்று கச்சேரிக்குத்தான் மாதக்கணக்கில் முன்னாலேயே வாங்கி வைத்தோம். மற்றபடி கடைத்தெரு மேடையில் சும்மாவே கேட்கலாம். ஞாயிறு ஆராதனையிலும் பாக் இசை உண்டு, அதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

இனி அந்த சாயங்காலம். தோமா ஆலயம். 1724-ம் வருஷம் ஜூனில் பாக் ஒரு காரியம் தொடங்கினார். ஜனங்கள் சபையில் பாடுகிற ஞானப்பாட்டு ஒவ்வொன்றாக எடுத்து, அதை வைத்து ஞாயிறுக்கு ஞாயிறு 'கான்டாட்டா' என்ற பாட்டுக் கோவையாக எழுதினார். அதற்கு முன்னூறு வருஷம் ஆனதால் 2024 விழாவில் அவற்றுக்குத்தான் முதலிடம். அன்று வரிசையாக அவற்றில் சில.

அத்தை வழக்கம்போல் மணி பார்த்து ஹோட்டலிலேயே ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். "டவுன்ல இறங்கி சாப்பிட்டுக்கலாம்" என்றார். டிராம் வழியில் நின்றது நின்றபடி இருபத்தைந்து நிமிஷம்! இறங்கி ஓடி, அரை ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, கதவு மூடுவதற்குள் உட்கார்ந்தோம். தப்பு முழுக்க என்னுடையது. தட்டு முன்னால் வந்தபிறகுதான் ஊசி என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஆலயத்தில் பாடகர்கள் நமக்கு முன்னால் நிற்பதில்லை. பின்பக்கம் மேலே மாடத்தில் நிற்கிறார்கள். நாம் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க, பாட்டு முதுகுப் பக்கமிருந்து வந்து விழுகிறது. முதல் கான்டாட்டா முடியும் சமயம் அத்தையின் தோள் என்மேல் சாய்ந்தது. தூங்குகிறாரோ என்று பார்த்தால் நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை. அந்தக் குளிரில்! கை நடுங்குகிறது. கேட்டதற்குப் பதில் குழறுகிறது. சுகர் பார்க்கிற மிஷினை மடியில் வைத்துக் குத்தினேன். 'கீ' என்று அது கத்தினது முன்வரிசை வரை கேட்டிருக்கும். 58.

எழுபதுக்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். குளுக்கோஸ் பொடி டப்பாவும் தண்ணீரும் பையில் இருந்தது, நல்ல காலம். மூன்று டீஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். விழுங்கினார். (நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஆஸ்பத்திரிதான்.) டாக்டரம்மா சொன்னது, கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் பொறு, மறுபடி பார், ஏறாவிட்டால் திரும்பவும் கொடு என்பது. "வெளியே போயிடலாம் அத்தை" என்றேன். தலையை ஆட்டினார். எழுந்திருக்கவும் தெம்பில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மேலே அடுத்த கான்டாட்டாவை ஆரம்பித்தார்கள்.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத வேண்டுமா? நாத்தனார் முகம். என்னவர் முகம். அதற்கப்புறம் அந்த "இழவு வீட்டுப் பாட்டு" என்ற என் வார்த்தை.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். என் உள்ளங்கைக்குள் அத்தையின் விரல் தட்ட ஆரம்பித்தது. தாளம்! "என்ன அத்தை?" என்றேன். "கேக்கலையா? முதல்லேர்ந்து அதுதான். கீழ, ஆம்பளைங்க குரல்ல இருந்துச்சு" என்றார் மெல்ல. மயக்கத்திலும் அவர் காது அதைப் பிடித்துவிட்டது, என் காது கோட்டைவிட்டது. பிறகு போதகர் ஐயா சொன்னார், அது 1724 ஜூன் 25-க்காக எழுதியதாம். ஆறாம் சங்கீதத்தின் மேல், வியாதிக்காரனின் ஜெபத்தின் மேல் எழுதிய பாட்டு. அதன் முதல் பாகத்தில் மெட்டைக் கொண்டுபோய் அடிக்குரலில்தான் ஒளித்து வைத்திருக்கிறார் பாக்.

கடைசி பாகம் வந்தபோது ஒளிவு மறைவில்லை. நாலு குரலும் சேர்ந்து அந்த மெட்டை நேராகவே பாடின. எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமையில், முள்முடி சூடிய சிரசைப் பார்த்துப் பாடுகிற அதே ஞானப்பாட்டின் மெட்டு! ஹாஸ்லர் என்பவர் 1601-ல் ஒரு காதல் பாட்டுக்காகப் போட்ட மெட்டாம் அது. காதலிலிருந்து சிலுவைக்கு வந்து, கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாரில் ஒரு சின்னப் பெண்ணின் வாயில் தமிழாக ஏறி, இப்போது அவருக்கு எழுபத்தோரு வயசில் மறுபடி இங்கே.

அத்தை முணுமுணுப்பாகத் தமிழில் பாடினார். கூட இன்னொரு குரல் கேட்டது. என்னுடையதுதான்! எனக்கு அந்தப் பாட்டின் வார்த்தைகள் தெரியும் என்று எனக்கே அதுவரை தெரியாது. இருபத்திரண்டு வருஷம் மாடிப்படியில் ஏறிக்கொண்டே கேட்டதில் மனப்பாடமாகியிருக்கிறது. பக்கத்தில் இருந்த ஜெர்மன் கிழவி திரும்பிப் பார்த்தார். கோபிப்பாரோ என்று பயந்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்து அத்தை மடியில் வைத்தார், அவ்வளவே.

மிஷினில் மறுபடி பார்த்தேன். 96. பிஸ்கெட்டையும் தின்னச் சொன்னேன்.

இந்த விழாவுக்குப் போகிறவர்கள் பக்கத்து ஊர்களை விட்டுவிடாதீர்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம், 'சாக்ஸன் டிக்கெட்' என்று கேட்க வேண்டும். பக்கத்து இரண்டு மாநிலங்களிலும் செல்லும். வேலை நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான். பதினான்கு பேருக்கு மூன்று டிக்கெட்டோடு ஹாலே போனோம். நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு லைப்சிக்கைவிட ஹாலேதான் பிடித்தது. ஃபிராங்கே என்ற பாதிரியார் 1698-ல் கட்டத் தொடங்கிய அநாதை இல்லம் தெரு நீளத்துக்கு அப்படியே நிற்கிறது. சீகன்பால்கு படித்ததும் இங்கேதான். உச்சி மாடியில் உலகத்து அதிசயங்களை அடுக்கிய அறை. அங்கே படிக்கிற பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று சேர்த்தது. தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இங்கே ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1713-ல் தரங்கம்பாடிக்குப் போன தமிழ் அச்செழுத்துகள் இங்கே வார்த்தவை. அவை ரொம்பப் பெரிசாக இருந்ததால் அங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டு, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். 1714-ல் சீகன்பால்குவோடு கப்பலேறி ஹாலே வந்து சேர்ந்த நம்மவர் ஒருவரும் உண்டு, பெயர் மலையப்பன். சோறும் ரசமும் இல்லாமல் என்ன பாடுபட்டாரோ!

தரங்கம்பாடியில் 1707-லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள் என்று போதகர் ஐயா சொல்லும்போது அத்தை முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டும் தையலும் சொல்லிக்கொடுத்தவர். ஒன்றும் பேசவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அந்தக் கல்லில் கொஞ்ச நேரம் நின்றார்.

ஹாலேயில் ஹாண்டல் பிறந்த வீடும் இருக்கிறது, அவருக்கும் மே கடைசியிலிருந்து ஜூன் வரை தனி விழா. 1804-லிருந்து நடக்கும் சாக்லேட் தொழிற்சாலையும் இருக்கிறது. அதன் வாசலில் அத்தையை நான் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று. மறுநாள் லூத்தரின் விட்டன்பெர்க். முழங்காலுக்காக நானும் அத்தையும் போகவில்லை. லைப்சிக்கிலேயே உட்கார்ந்து 'வானம்பாடி' என்ற பாதாம் பலகாரம் சாப்பிட்டோம். நிஜ வானம்பாடியைப் பிடித்துச் சமைத்துக்கொண்டிருந்த ஊராம். 1876-ல் வேட்டைக்குத் தடை வர, மிட்டாய்க்காரர்கள் பாதாமில் செய்துவிட்டார்கள். அத்தைக்குப் பாதிதான் கொடுத்தேன்.

திரும்பி வந்து, அந்த 58 விஷயத்தை நாத்தனாரிடம் நானே சொல்லிவிட்டேன். திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான். இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் பெரிசாக எழுதி ஒட்டியிருக்கிறது: 'தட்டு வந்த பிறகு ஊசி.'

அடுப்படி இன்னும் இடிக்கவில்லை. பழைய மேடைதான், பழைய தொட்டிதான். சாயங்காலம் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே ஞானப்பாட்டு எடுத்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் பழக்கதோஷம், எனக்கு வேகம் வந்துவிடுகிறது. "ஏம்மா, ஓடாதே. ரயிலா பிடிக்கப்போறே?" என்று அதட்டுகிறார்.